பழைய லேப்டாப்பும் புதுப் போனும் ஒரே வீட்டில்: எந்த வைஃபை ரவுட்டர் வாங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 2013-இல் வாங்கிய ஒரு லேப்டாப், ஒரு பழைய வைஃபை பிரிண்டர், ஸ்மார்ட் டிவி, வாசல் கேமரா, நாலைந்து ஸ்மார்ட் பல்புகள், மூன்று போன்கள் இருக்கின்றன. போன்களில் ஒன்று புத்தம்புதுசு. இவை எல்லாமே ஓட வேண்டுமென்றால் வைஃபை 5, 6, 7 இவற்றில் எதை வாங்குவது? புதுசு வாங்கினால் பழசெல்லாம் வெளியே நின்றுவிடுமா?

வைஃபை 6 வாங்குங்கள். டூயல் பேண்ட் (2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு ரேடியோ அலைவரிசைகளிலும் வேலை செய்வது), கிகாபிட் லேன் போர்ட்டுகள் (வயர் செருகும் வேகமான துளைகள்), 2.4 பேண்டுக்கும் 5 பேண்டுக்கும் தனித்தனியாகப் பெயரும் பாதுகாப்பு வகையும் வைக்க விடுகிற மாடல். இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், விளம்பரத்தில் யாரும் போடாததும் அதுதான். புது ரவுட்டர் வந்தவுடன் பழைய சாதனங்கள் தகராறு செய்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ரவுட்டரின் ஏதோ ஒரு செட்டிங்தான். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணின் மேல் பழி போடுவது வீண்.

இந்த எண்கள் எல்லாம் பின்னால் வந்தவை. 2018 அக்டோபரில்தான் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 4, 5, 6 என்று எளிய பெயர் வைத்தது. அதற்கு முன்னால் 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்தோ இரண்டு எழுத்தோ ஒட்டியிருக்கும். 1999-இல் வந்த ‘பி’யின் வேகம் 11 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 11 மெகாபிட். 2003-இல் ‘ஜி’ 54 எம்பிபிஎஸ். 2009-இல் ‘என்’, அதுதான் இன்றைய வைஃபை 4. 2013-இல் ‘ஏசி’, அது வைஃபை 5. ‘ஏஎக்ஸ்’ என்பது வைஃபை 6, 2019 செப்டம்பரில் அதற்குச் சான்று கொடுக்க ஆரம்பித்தார்கள். வைஃபை 7-க்கு 2024 ஜனவரியில். ஒவ்வொன்றும் அதே பேண்டில் தனக்கு முந்தியதோடு பேசத் தெரிந்தே வந்தது. ஆகவே 2013 லேப்டாப் வைஃபை 6 ரவுட்டரோடு தன் பழைய பாஷையிலேயே பேசிக்கொள்ளும். வேகம் கூடாது, அவ்வளவுதான்.

‘அதே பேண்டில்’ என்று சொன்னேனே, அங்கேதான் பலரும் இடறுகிறார்கள். வைஃபை 5 என்பது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமான ஸ்டாண்டர்ட். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அதற்கு வேலையே இல்லை. ஏசி1200 என்று விற்கிற ரவுட்டரில் 5 பேண்டில் 867 எம்பிபிஎஸ் ஏசி, 2.4 பேண்டில் 300 எம்பிபிஎஸ் பழைய ‘என்’. இரண்டையும் கூட்டி ரவுண்டாக 1200. எந்த ஒரு சாதனத்துக்கும் 1200 கிடைக்கப்போவதில்லை. வைஃபை 6-தான் இரண்டு பேண்டிலும் வேலை செய்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம்: ஏஎக்ஸ்1500 வகையில் 2.4 பக்கம் 300 என்று போட்டிருந்தால் அங்கே ஓடுவது பெரும்பாலும் அதே ‘என்’. ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000 வகைகளில் 2.4 பக்கம் 574 என்றிருக்கும், அது நிஜமான வைஃபை 6.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டுக்கு 2.4 பக்கத்தில் வைஃபை 6 இல்லாமல் இருப்பது குறையே இல்லை. அங்கே இருக்கப்போவது பல்பு, கேமரா, பிரிண்டர். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றின் வயிற்றில் பெரும்பாலும் ஒரு மலிவான வைஃபை சிப் இருக்கும். 2014-இல் ஷாங்காய் நிறுவனமான எஸ்பிரெசிஃப் கொண்டுவந்த இஎஸ்பி8266 இந்த ரகத்தில் ரொம்பப் பிரபலம். அதற்கு பி, ஜி, என் மட்டும்தான் தெரியும், அதுவும் 2.4-இல் மட்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இப்படிப்பட்ட பொருட்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அதனால் எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் 2.4 பேண்டை அணைத்துவிடாதீர்கள். “2.4 ஸ்லோ, ஆஃப் பண்ணிடுங்க” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். செங்கல் சுவர் தாண்டி வாசல் கேமராவரைக்கும் போய்ச் சேர்வதும் 2.4-தான். 5 பேண்டின் சிக்னல் ஓர் அறைக்குள் பிரமாதமாக இருக்கும், இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும்.

பழைய சாதனம் ஒன்று சேர்ந்தால் மொத்த வீடும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியே அது உண்மையில்லை, முழுப் பொய்யும் இல்லை. ஒரு சேனலில், அதாவது பேண்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாதையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரேஷன் கடையில் கவுன்டர் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர் பையைத் தேடி, கார்டைத் தேடி, சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிற சுறுசுறுப்பானவரும் காத்திருக்கத்தான் வேண்டும். அவர் முறை வந்ததும் சட்டென்று முடித்துக்கொண்டு போய்விடுவார். கணக்காகப் பார்த்தால், 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டு) 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப 12 மில்லி விநாடி ஆகும். 54 எம்பிபிஎஸ் வேகத்தில் கால் மில்லி விநாடிகூட ஆகாது. ஆகவே பிரச்சினை பழைய சாதனம் இணைந்திருப்பதில் இல்லை, அது நிறைய டேட்டா இழுப்பதில்தான். பல்பு நாளெல்லாம் இணைந்திருந்தாலும் அது அனுப்புவது அற்பம். கேமராதான் ஓயாமல் வீடியோ அனுப்புகிறது. அதனால் கேமரா 2.4-இல் இருந்தால், போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் 5-க்குக் கொண்டுபோய்விடுங்கள். இரண்டும் தனித்தனி வரிசை, ஒன்று மற்றதைப் பாதிக்காது. டூயல் பேண்ட் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்தது பாதுகாப்பு. பழைய சாதனங்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வைஃபை பாஸ்வேர்டைக் காக்கும் முறைகள் நான்கு தலைமுறை: டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3. முதல் இரண்டும் காலாவதி. 2006 மார்ச்சுக்குப் பிறகு வைஃபை சான்று பெற்ற எந்தச் சாதனத்திலும் டபிள்யூபிஏ2 கட்டாயம், ஆகவே உங்கள் பட்டியலில் இருக்கிற எதற்கும் அது தெரிந்திருக்கும். டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல், சான்றுக்குக் கட்டாயமானது 2020 ஜூலையில். ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும், ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தியவற்றில் ஐஓஎஸ் 13-இலிருந்தும், விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்தும் அதற்கு ஆதரவு உண்டு. விண்டோஸில் வைஃபை கார்டின் டிரைவரும் (அந்தக் கார்டை இயக்கும் மென்பொருள்) ஒத்துழைக்க வேண்டும். 2013 லேப்டாப்பின் கார்டு ஒத்துழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புது ரவுட்டரை மாட்டும்போது செட்டப்பில் “கூடுதல் பாதுகாப்பு” என்று டபிள்யூபிஏ3-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தால் பிரிண்டரும் பல்பும் அதோடு அவுட். சரி, இரண்டும் கலந்த மோடு இருக்கிறதே, டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்று, அதைப் போடலாமே என்றால் பெரும்பாலும் ஓடும். ஆனால் சில பழைய சிப்புகள் அந்தக் கலவையைப் பார்த்துக் குழம்பிவிடும். ரவுட்டர் இரண்டு முறைகளையும் சேர்த்து அறிவிக்கும், இணைப்பை நடத்தும் உள்செய்திகளான மேனேஜ்மென்ட் ஃபிரேம்களுக்கான பாதுகாப்பும் தன்னிடம் உண்டு என்று சொல்லும். இவை எதையும் எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட பழைய மென்பொருள், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் “பாஸ்வேர்டு தவறு” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நீங்களும் பத்து முறை தட்டிப் பார்ப்பீர்கள்.

இதற்கு வழி எளிது. 2.4 பேண்டில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (டேட்டாவைப் பூட்டும் குறியாக்க முறை) என்று வைத்துவிடுங்கள். 5 பேண்டில் கலந்த மோடு இருக்கட்டும். தனித்தனியாக வைக்க விடும் மாடல் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சில ரவுட்டர்களில் பல்பு, கேமரா போன்ற ஸ்மார்ட் பொருட்களுக்கென்று ‘ஐஓடி நெட்வொர்க்’ என்றே ஒரு தனி வசதி உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும். அது இல்லையென்றால் விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கை 2.4-இல் மட்டும் திறந்து பல்புகளை அங்கே விடலாம். பிரிண்டரை மட்டும் கெஸ்ட்டில் போடாதீர்கள்: கெஸ்ட் பொதுவாக மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்கும், அப்புறம் லேப்டாப்புக்குப் பிரிண்டர் கண்ணுக்கே தெரியாது.

ஏஇஎஸ் என்றேன். அதன் பக்கத்தில் டிகேஐபி என்று ஒரு பழைய தெரிவு இருந்தால் தொடவே வேண்டாம். அதைப் போட்டால் ‘என்’ வேகம் போய் 54-க்கு இறங்கிவிடும், ஸ்டாண்டர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. டேட்டாவுக்கு முன்னுரிமை பிரிக்கும் டபிள்யூஎம்எம் என்ற செட்டிங்கை அணைத்தாலும் அதே கதி. பழைய பிரிண்டரில் திரை இல்லாமல் டபிள்யூபிஎஸ் பட்டன் (பாஸ்வேர்டு தட்டாமல் அழுத்தி இணைப்பது) மட்டும் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: டபிள்யூபிஏ3-உம் டபிள்யூபிஎஸ்-உம் ஒத்துப்போகாது. 2.4-இல் டபிள்யூபிஏ2 வைத்திருந்தால் பட்டனை அழுத்தி இணைத்துவிட்டு, பிறகு டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடலாம்.

டபிள்யூஇபி மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கிறதா, பழைய நின்டெண்டோ டிஎஸ் மாதிரி? அதற்காக முழு வீட்டின் பாதுகாப்பையும் தளர்த்தாதீர்கள். அதை விட்டுவிடுங்கள்.

லேப்டாப்புக்கு வருவோம். வைஃபை 6 ரவுட்டர் மாட்டியதும் சில பழைய லேப்டாப்புகளில் நெட்வொர்க் பெயரே பட்டியலில் வராது. பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியும், உங்களுடையது மட்டும் தெரியாது. இன்டெலின் 7260, 7265, 3160 போன்ற கார்டுகள் பழைய டிரைவரோடு இருந்தால் இப்படி நடக்கும் என்று இன்டெல் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் வைஃபை 6-க்கான புதுத் தகவல் சேர்ந்திருக்கும், பழைய டிரைவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம். போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டுக்கொள்ளுங்கள். டிரைவரே வராத பழைய சாதனம் என்றால், ரவுட்டரில் 2.4 பேண்டின் மோடை ஏஎக்ஸ் இல்லாமல் ‘பி/ஜி/என்’ என்று மாற்றுங்கள். பல்பு, பிரிண்டர் இப்படி அடம்பிடித்தாலும் இதே மருந்துதான். 5 பேண்டில் வைஃபை 6 அப்படியே இருக்கும், போன்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

பெயர் வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. பழைய ரவுட்டரில் இருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே பாதுகாப்பு வகை, மூன்றையும் புது ரவுட்டரின் 2.4 பேண்டுக்கு அப்படியே வைத்தால் பல்பு, கேமரா, பிரிண்டர் எதையும் திரும்ப செட்டப் செய்யத் தேவையில்லாமல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஏணி போட்டு ஏறிப் பல்பை ஐந்து முறை ஆன் ஆஃப் செய்யும் கூத்து மிச்சம். 5 பேண்டுக்குப் பின்னால் ‘5’ சேர்த்து வேறு பெயர் வைத்துவிடுங்கள். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ரவுட்டரே பிரித்துக்கொடுக்கும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ வசதி, புதுச் சாதனங்கள் மட்டும் இருக்கிற வீட்டில் சௌகரியம். பல்பு செட்டப் செய்யும் நேரத்தில் அது ஒரு தலைவலி. போன் 5-இல் நிற்கும், பல்பு 2.4-ஐத் தேடும், ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நெட்வொர்க் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். வைக்கலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட், உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனியாக இன்னொரு மூன்று. ‘தமிழ்நாடு’ என்று வைத்தாலே 27 பைட் போய்விடும். போனில் அழகாகத் தெரியும், பழைய பிரிண்டரின் குட்டித் திரையில் கட்டம் கட்டமாக வரும். சில சாதனங்கள் இணையவே மறுக்கும். 5 பேண்டுக்குத் தமிழ்ப் பெயர், 2.4-க்கு வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆசையும் நிறைவேறும். 2.4-இன் பாஸ்வேர்டிலும் விசித்திரக் குறிகளைத் தவிருங்கள். நீளமாக வையுங்கள், 63 எழுத்துவரை இடம் உண்டு.

சேனல் விஷயத்தில் அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1, 6, 11 இவற்றில் ஒன்று. 12, 13 வேண்டாம், அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த சாதனத்துக்கு அந்தச் சேனல்கள் தெரியாமல் போகலாம். 5-இல் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை. நடுவில் இருக்கும் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் வந்தால் ரவுட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி. திறப்பதற்கு முன்பும் குறைந்தது ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். சில டிவிகளும் டிவி ஸ்டிக்குகளும் அந்தச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை. 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் போட்டால் பொதுவாக இந்தச் சேனல்களுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். 80 போதும். ஐபோன் 14 வரைக்கும் 5 பேண்டில் 80-க்கு மேல் எடுக்காது, 80-இலேயே இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 போனுக்கு 1201 எம்பிபிஎஸ் இணைப்பு கிடைக்கிறது. நிஜத்தில் அதில் பாதிக்குமேல் கொஞ்சம் வரும் என்று வைத்துக்கொண்டாலும் வீட்டு பிளானுக்குத் தாராளம்.

அப்படியானால் வைஃபை 7 ஏன் வேண்டாம்? கெடுதல் ஒன்றுமில்லை, பழசோடும் அது பேசும். ஆனால் அதன் பெரிய பெருமை 320 மெகாஹெர்ட்ஸ் அகலம், அது 6 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டில் மட்டும்தான் உண்டு. அமெரிக்கா 2020 ஏப்ரலில் அந்த பேண்டில் 1200 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வரைவு விதி வெளியிட்டது 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்கு. அதற்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். அதோடு பிஇ3600 என்று மலிவாக வரும் வைஃபை 7 ரவுட்டர்களில் 6 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது, 688-உம் 2882-உம் கூட்டிய கணக்குதான் அது. இரண்டு பேண்டையும் ஒரே இணைப்பாகச் சேர்க்கும் எம்எல்ஓ வசதிக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம், ஆகவே பழைய சாதனங்களுக்கு எப்படியும் தனி நெட்வொர்க் வைத்தாக வேண்டும். உங்கள் பட்டியலில் ஒரே ஒரு போனுக்கு இதெல்லாம் பயன்படலாம். விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் வாங்குங்கள், அதற்காகத் தேடிப் போக வேண்டாம்.

வைஃபை 5-இல் நல்ல ரவுட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போடவும் அவசியமில்லை. புதிதாகக் காசு கொடுத்து வாங்குவதென்றால்தான் 6. இன்னும் பல வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதற்கான வாய்ப்பு அதற்குத்தான் அதிகம்.

போர்ட்டைப் பாருங்கள். மலிவான மாடல்கள் சிலவற்றில், ஏசி1200 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்னால் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். 200, 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருந்தாலும் 95-ஐத் தாண்டாது, பழி மட்டும் நெட் கம்பெனிக்காரன் மேல் விழும். பெட்டியில் ‘10/100’ என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், ‘10/100/1000’ அல்லது ‘கிகாபிட்’ என்றிருக்க வேண்டும்.

ஃபைபர் இணைப்போடு நிறுவனம் கொடுத்த பெட்டியிலும் வைஃபை இருக்குமே, அதை என்ன செய்வது? அதன் வைஃபையை அணைத்துவிட்டுப் புது ரவுட்டரை அதிலிருந்து லேன் வயரில் இணையுங்கள். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்துவது) போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுப்பது) வையுங்கள். இரண்டும் ரவுட்டராகவே இருந்து, சில சாதனங்கள் ஒன்றிலும் மற்றவை இன்னொன்றிலும் இருந்தால், போனிலிருந்து பிரிண்டரையோ டிவியையோ தேடிக் கண்டுபிடிப்பது நடக்காது. ஆக்சஸ் பாயிண்ட் மோடில் சில மாடல்களில் கெஸ்ட், ஐஓடி நெட்வொர்க் வசதிகள் குறைந்துவிடும் என்பதையும் வாங்கும் முன் அந்த மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், கையேடு கம்பெனியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

டிரைவர், மோடு எல்லாம் மாற்றியும் லேப்டாப் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு டூயல் பேண்ட் யூஎஸ்பி அடாப்டர் வாங்கி மாட்டிவிடுங்கள். அந்தக் காலத்து லேப்டாப்பில் உள்ளே இருக்கும் கார்டை மாற்றப் போனால் சில கம்பெனிகளின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) வேறு கார்டை ஏற்காது, யூஎஸ்பியில் அந்தத் தொந்தரவு இல்லை.